பூஜையில் வைத்த கருவி

டாக்டர் க. வேலுத்தாய்க்கு அநியாயம் நடந்தது, அதைச் செய்தவர் பேராசிரியர் சத்தியசீலன், செய்த விதம் இது: பதினொரு வருஷம் அவள் ஒருத்தி, ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் பார்க்காமல் போய் நின்று, ஊட்டி, வளர்த்து, எண்ணி, கண்டுபிடித்த ஒன்று, வெளிநாட்டு ஆய்விதழில் ஏழு பேர் பெயரோடு அச்சாகி வந்தபோது அந்த ஏழில் ஒன்றாகக்கூட அவள் பெயர் இல்லை. எங்கே இருந்தது என்றால், கட்டுரையின் வாலில், நன்றி சொல்கிற பத்தியில், பொடி எழுத்தில், ஏசி மெக்கானிக் துரைப்பாண்டிக்கும் ஜெனரேட்டர் ஆபரேட்டர் அந்தோணிக்கும் நடுவில், ‘குமாரி வேலுத்தாய், உதவி’ என்று இருந்தது. டாக்டர் பட்டத்தையும் காணோம்.

அந்த ஏழு பேர் யார் என்று கேட்க வேண்டாமா? முதல் பெயர் சத்தியசீலனுடையது. அப்படிப் பெயர் வைத்தது அவருடைய அப்பா, அதற்கு இவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது அவர் மருமகன். மூன்றாவது, நுண்ணோக்கி வாங்கும் கோப்பை நகர்த்திவிட்ட அதிகாரி. நான்காவது, அந்த அதிகாரியைச் சத்தியசீலனுக்கு அறிமுகம் செய்துவைத்தவர். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களில் ஒருவருக்காவது சத்தியசீலன் தலைவராக இருந்த, வேலுத்தாய் வேலை பார்த்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில் இன்குபேட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியுமா என்றால், தெரியாது.

கண்டுபிடித்தது இதுதான். உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, பிரியத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறது. அப்படி யோசிக்க வைப்பது ஒரு குட்டிப் புரதம். வாய்ப்புற்று செல்கள் யோசிக்காமல் பெருகுவதற்குக் காரணம் அந்தப் புரதம் உடைந்து போனதுதான் என்று எல்லாரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, இல்லை, உடையவே இல்லை, முழுசாக, நல்ல நிலையில், உட்கருவுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறது, உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று காட்டினாள் வேலுத்தாய். அந்தக் கதவைத் திறக்க ஒரு மருந்து கிடைத்தால் போதும். கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவளின் மகள், புகையிலை அடக்கி அடக்கிக் கன்னம் ஓட்டையாகிச் செத்துப்போன ஒரு பெண்ணின் புண்ணிலிருந்து கடுகளவு சதை எடுத்து, அதை இன்குபேட்டரில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மீடியம் என்கிற ரோஸ் நிற ஊட்டக் கரைசலை மாற்றி ஊட்டி, அந்தச் செல்களைப் பதினொரு வருஷம் சாகாமல் காத்து, காட்டினாள்.

சத்தியசீலன் செய்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும் இடத்தில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், “எங்க போடணும்?” என்று கேட்டுக்கொண்டே போடுவார்.

இதழ் வந்த அன்றைக்கு மத்தியானம் வேலுத்தாய் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“சார், என் பேர் எங்க?”

“இருக்கே. கடைசிப் பத்தியில இருக்கு பாரு.”

“அது நன்றி சார். நான் கேக்கிறது கண்டுபிடிச்சவங்க பேரு.”

சத்தியசீலன் காபியில் ஆடையை விரலால் ஒதுக்கினார். “பேரா முக்கியம் வேலுத்தாய்? சயின்ஸ் முன்னாடி நாமெல்லாம் யாரு? அந்தச் செல்லுக்குத் தெரியுமா, யாரு வளத்தாங்கன்னு?”

வேலுத்தாய் இதழை மடித்துக்கொண்டாள். தன் மேசைக்குப் போய் டிபன் பையை எடுத்துக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி, கேட்டைத் தாண்டிப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் கேட்டைத் தாண்டிய நிமிஷத்தில் செல்கள் நின்றன.

சாகவில்லை, நின்றன. பிரிவதற்கு ஆயத்தமானது ஆயத்தமான நிலையில், பாதி பிரிந்தது எட்டு என்ற எண்போல இடுப்பு சிறுத்த நிலையில், முக்கால்வாசி பிரிந்தது ஒரு நூலிழையில் தொங்கிய நிலையில், அவள் வளர்த்த அத்தனை செல்லும், இங்கே இருந்ததும், அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுபோன பன்னிரண்டு நாடுகளில் இருந்ததும், அப்படியப்படியே நின்றன.

முதலில் பார்த்தவள் குடுவை கழுவுகிற சூசையம்மாள். செல்கள் தின்று பெருகப் பெருக ரோஸ் மீடியம் மஞ்சளாகிவிடும்; பத்தொன்பது வருஷமாக மஞ்சள் தண்ணீரையே கொட்டிக் கழுவியவள், நாலாம் நாளும் ரோஸாகவே இருந்த தண்ணீரைப் பார்த்ததும் கொட்டாமல் குடுவையைக் கீழே வைத்தாள். “எம்மா நஸ்ரீனு, பிள்ளைக எதுவுமே சாப்பிடல” என்று ஆராய்ச்சி மாணவி நஸ்ரீன் பானுவைக் கூப்பிட்டாள். நஸ்ரீன் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விட்டுப்போன குடையை எடுக்க வேலுத்தாய் வராந்தாவில் ஏறி வந்தாள், எட்டுகள் எல்லாம் இரண்டிரண்டாகப் பிரிந்தன, குடையோடு அவள் இறங்கிப் போனாள், மறுபடி நின்றன.

“அக்கா! திரும்பி வாங்க! நீங்க போனா நிக்குதுக்கா!” என்று நஸ்ரீன் மாடியிலிருந்து கத்தினாள்.

“யாரு வளத்தாங்கன்னு பிள்ளைகளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பெத்தவ ஒருத்தி, வளத்தவ ஒருத்தி” என்று சூசையம்மாள் அடுத்த குடுவையை எடுத்தாள்.

நிலையத்தில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அரசாங்க ஒப்புதல் பெற்ற நிறுவனம். அதிசயப்படுவதற்கு அங்கே தனிப் பிரிவு கிடையாது. மின்வெட்டு என்றார்கள், சிலிண்டரில் வாயு தீர்ந்தது என்றார்கள், பிறகு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி வேலுத்தாயை வராந்தாவில் தூண் தூணாக நிற்க வைத்து டேப் பிடித்து அளந்து, நாற்பத்து மூன்று அடி வரை செல்கள் பிரிகின்றன, அதற்கு மேல் பிரிவதில்லை என்று கண்டது. எதையும் மூன்று முறை செய்துபார்ப்பது வழக்கமாதலால் மூன்று முறை நடக்க விட்டது. அதே உயரமும் எடையும் உள்ள டைப்பிஸ்ட் ஒருத்தியை ஒப்பீட்டுக்காக உட்கார வைத்துப் பார்த்ததில் செல்கள் சட்டை செய்யவில்லை. வேலுத்தாயின் போட்டோவை மாட்டிப் பார்த்தார்கள். அவள் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். வடக்கே ஓர் ஆய்வகத்திலிருந்து, அம்மையார் உடுத்திய சேலை ஒன்று கிடைக்குமா என்று கடிதம் வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் அல்லவா?

இன்குபேட்டருக்குப் பக்கத்தில் வேலுத்தாய் உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள். ஸ்டோர்ஸ் அலுவலர் கோதண்டம், மனசில் கள்ளமில்லாத மனிதர், நிலையத்தின் சொத்து எல்லாவற்றுக்கும் எண் ஒட்டுகிறவர், அந்த நாற்காலிக்கு 214 என்று ஒட்டினார், ஒரு மாதத்தில், “214 ஃப்ரீயா இருக்கா? பத்து மணிக்கு ரெண்டாம் மாடியில வேணும்” என்று அவள் செல்களை வாங்கி வைத்திருந்த மற்ற துறைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், அவர்கள் கேட்டது நாற்காலியை அல்ல. அரைமணி அரைமணியாகப் பதிவு செய்துகொள்ளக் கதவில் ஒரு தாள் தொங்கியது. தங்கச்சி மகள் காதுகுத்துக்கு அவள் எழுதிய விடுப்பு விண்ணப்பம், ‘பரிசோதனைகள் முடிந்த பின் பரிசீலிக்கலாம்’ என்று திரும்பி வந்தது.

போகட்டும் என்று எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நஸ்ரீன் தினமும் கேட்டாள்.

“படிச்சவங்கதானே அக்கா நீங்க? உங்களைச் சிலிண்டர் மாதிரி உருட்டிட்டுப் போறானுங்க, நீங்களும் உருளுறீங்க?”

“அடுத்த கட்டுரையில என் பேரை முதல்ல போடுறேன்னு சார் சொல்லியிருக்காரு.”

“போன தடவையும் அதைத்தானே சொன்னாரு?”

வேலுத்தாய் ஜன்னலைக் காட்டினாள். எதிரே ஆஸ்பத்திரி, புங்கமரத்தடியில் சீட்டோடு காத்துக்கிடக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கும் செய்தி போயிருந்தது, போகும்போதே திரிந்து போயிருந்தது: மூன்றாம் மாடியில் ஒரு பொம்பளை இருக்கிறாள், அவள் கிட்டே வந்தால் கட்டி வளரும். அவள் கேட்டுக்குள் நுழையும்போது பெண்கள் பிள்ளைகளை இழுத்து முந்தானையால் மூடினார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஒரு நாள், தாடையில் கட்டுப்போட்ட, பேச முடியாத ஒரு அம்மா அவளை வழிமறித்து, சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: நீ தூரமாப் போனா எனக்கு நிக்குமா?

“எனக்குக் கட்டுப்பட்டது நான் வளர்த்தது மட்டும்தாம்மா” என்றாள் வேலுத்தாய். “உங்களது நிக்கணும்னா ஒரு கதவைத் திறக்கணும். அதுக்கு மருந்து பாத்துட்டிருக்கேன். பாக்கணும்னா என் பிள்ளைங்க வளரணும், அது வளர நான் அங்க உக்காரணும்.”

அந்த அம்மா சிலேட்டைத் துடைத்துவிட்டு, சரி போ என்று கையைக் காட்டினாள். அதனால் வேலுத்தாய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, தன்னைக் கடன் வாங்கியவர்களின் வேலைக்கு நடுவில் தன் வேலையையும் பார்த்து, கதவை நூற்றுக்கு முப்பது செல்களில் திறக்கிற ஒரு மருந்தைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது கட்டுரை வந்தது. இந்த முறை ஒன்பது பேர். மருமகனின் தம்பியும் சேர்ந்திருந்தான். அவள் நன்றிப் பத்தியில்கூட இல்லை, செய்முறைப் பகுதிக்குப் போயிருந்தாள்: ‘செல்கள் முப்பத்தேழு டிகிரியில், ஐந்து சதவீதக் கார்பன் டை ஆக்சைடில், நாற்பத்து மூன்று அடிக்குள் ஒரு பெண் அமர்ந்த நிலையில் வளர்க்கப்பட்டன.’

நஸ்ரீன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இதழைக் குப்பைக்கூடையில் எறிந்து, திரும்ப எடுத்து, கிழித்து எறிந்தாள். வேலுத்தாயின் கோபம் கத்துகிற வகை இல்லை, உறைகிற வகை. செல்களும் அதே குணம் என்று சூசையம்மாள் மட்டும் கவனித்து வைத்திருந்தாள்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது.

மற்ற அலுவலகங்களைப் போலவே நிலையத்திலும் அது பெரிய நாள். செல்லின் உள்விவகாரம் எல்லாம் படித்தவர்கள்தான், ஆனால் நுண்ணோக்கிக்குப் பொட்டு வைக்காமல் ஒரு வருஷம் ஓட்ட யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாசலில் வாழைக்கன்று கட்டியாயிற்று, பொரி கடலை மூட்டை வந்தாயிற்று. கோதண்டம் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் ஒரு கிண்ணத்தில் குங்குமமும் எடுத்துக்கொண்டு, பின்னால் சத்தியசீலனும் மற்றவர்களும் வர, முதல் மாடியிலிருந்து சொத்துப் பதிவேட்டு வரிசைப்படி பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். சென்ட்ரிஃபியூஜுக்கு ஒன்று, ஃப்ரீசருக்கு ஒன்று, இன்குபேட்டர் கதவுக்கு மூன்று, நாற்காலி 214-இன் முதுகுக்கு ஒன்று, கை நிற்காமல் அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் நெற்றியில் ஒன்று.

எல்லாரும் கைதட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் தட்டவில்லை, அதுதான் கொடுமை. சத்தியசீலன் சிரித்துக்கொண்டே, “நம்ம நிலையத்துலயே விலை மதிக்க முடியாத எக்விப்மென்ட்டு!” என்றார்.

வேலுத்தாய் எழுந்தாள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “கோதண்டம் சார், ஒரு சந்தேகம். பூஜையில வச்ச கருவியை எடுத்து வேலை பாக்கலாமா?”

“சேச்சே! மறுபூஜை போடாம தொடவே கூடாதும்மா. தொழில் விளங்காது.”

“மறுபூஜையை யாரு போடணும்?”

“வச்சவங்கதான் எடுக்கணும்.”

“ஆகட்டும் சார்” என்று டிபன் பையை எடுத்துக்கொண்டு, நெற்றிச் சந்தனம் காயக் காய, தூண் தூணாகத் தாண்டி, நாற்பத்து மூன்றாவது அடியையும் தாண்டிப் போனாள். வாசலில் அப்போதுதான் பூசணிக்காய் உடைத்தார்கள்.

மறுநாள் காலையில் காலி நாற்காலிக்குக் கற்பூரம் காட்டி மறுபூஜை போட்டுப் பார்த்தார்கள். ரோஸ் மீடியம் ரோஸாகவே இருந்தது. ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. இதற்கிடையில் பன்னிரண்டு நாட்டு ஆய்வகங்களும், ஒன்றரை வருஷமாக ஒரு செல்கூடப் பிரியாத குடுவைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்து, இதழின் ஆசிரியருக்கு எழுதியிருந்தன. ஆசிரியர் சத்தியசீலனுக்கு எழுதினார்: யார் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக எழுதி முப்பது நாளில் அனுப்புங்கள், தவறினால் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெறுவோம்.

சத்தியசீலன் வேலுத்தாயின் வாடகை வீட்டுக்கு வந்தார். பதிமூன்று வருஷத்தில் முதல் முறை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தந்த டீயை வாங்கிக் கீழே வைத்தார். கூடவே ஒரு சந்தனப் பாக்கெட்டும் கொண்டுவந்திருந்தார்.

“மறுபூஜைக்கு வந்திருக்கேன்மா. ஒரு பேருக்காகவா இவ்வளவு பெரிய வேலையை நிறுத்தி வச்சிருக்கே? அந்த நோயாளிகளை நினைச்சுப் பாரு.”

“பதினோரு வருஷமும், அதுக்கு மேல அந்த நாற்காலியில உக்காந்த ஒன்றரை வருஷமும் அவங்களைத்தான் சார் நினைச்சேன். அவங்க முகத்தைக் காட்டிக் காட்டித்தானே என்னை உக்கார வச்சீங்க? நீங்க அவங்களை நினைச்சது எப்போ? என் பேரை அடிச்சப்பவா, மருமகன் தம்பி பேரைச் சேத்தப்பவா?”

“கோவத்துல பேசாதே.”

“கோவத்துலதான் பேசுறேன் சார். கோவத்துல பேசாம இருந்து பாத்தாச்சே.”

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “சரி, என்ன செய்யணும்?”

“வச்சதை எடுங்க, எடுத்ததை வைங்க. அவ்வளவுதான் மறுபூஜை. பத்திரிகை கேட்ட விவரத்தை நான் எழுதித் தரேன், ஒவ்வொருத்தரையும் நானே கேட்டு, அவங்க சொல்றதை அப்படியே. நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. முதல்ல உங்களைக் கேக்கிறேன்: இந்த ஆராய்ச்சியில நீங்க என்ன பண்ணீங்க?”

“நானா?” சத்தியசீலன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “எல்லாத்துலயும் நான்தானே கையெழுத்துப் போட்டேன்!”

அவள் எழுதிக்கொண்டாள்.

மற்றவர்களுக்கும் போன் செய்து கேட்டாள். யாரும் பொய் சொல்லவில்லை, பொய் சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. மருமகன், “அந்த வருஷம் கல்யாண அலைச்சல், எதுக்குமே நேரமில்ல” என்றான். அதிகாரி, “எந்தக் கட்டுரை?” என்று கேட்டார். அவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

கடிதம் நாலு பக்கம். நஸ்ரீன் அதை மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போனாள். வேலுத்தாய் ரோட்டுக்கு அந்தப்பக்கம், முந்நூறு அடிக்கு அப்பால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா படிச்சுப் பாக்கச் சொன்னாங்க சார்” என்றாள் நஸ்ரீன். இரண்டு முறை சொன்னாள், மூன்றாவது முறையும் சொன்னாள்; மூன்று முறை செய்வதுதானே அங்கே வழக்கம்.

“எங்க போடணும்?” என்றார் சத்தியசீலன். மஞ்சள் சீட்டு இருந்த இடத்தில் போட்டார்.

பேனாவை மூடுவதற்குள் நுண்ணோக்கியடியில் எட்டுகள் இரண்டிரண்டாயின. சூசையம்மாள் இன்குபேட்டர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். மறுநாள் மீடியம் ஆரஞ்சானது, அடுத்த நாள் மஞ்சளானது, பன்னிரண்டு நாடுகளிலும் மஞ்சளானது, நாற்பத்து மூன்று அடிக்குள் எந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்கவில்லை. கோதண்டம் 214-ஐ நகத்தால் சுரண்டி எடுத்து, பதிவேட்டில் அடித்தார். அந்த நாற்காலியை வேலுத்தாய் புங்கமரத்தடிக்கு அனுப்பினாள், சிலேட்டு வைத்திருந்த அம்மா உட்கார.

இரண்டு மாதத்தில் திருத்தம் அச்சாகி வந்தது. கண்டுபிடித்தவர்கள்: க. வேலுத்தாய், நஸ்ரீன் பானு, ம. சூசையம்மாள். அதற்கு மேல் இல்லை.

சத்தியசீலன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டுரையைத் தலைப்பிலிருந்து படித்துவிட்டு, மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து, குடுவையும் கையுமாக நின்றவளின் முகத்துக்கு நேரே இதழை நீட்டினார்.

“வேலுத்தாய், என் பேர் எங்க?”

அவள் கையிலிருந்த குடுவைக்கு மீடியத்தை ஊற்றி முடித்து, மூடியைத் திருகி, இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“இருக்கே சார். கடைசிப் பத்தியில, துரைப்பாண்டிக்கும் அந்தோணிக்கும் நடுவுல, ‘கையெழுத்து உதவி’ன்னு இருக்கு பாருங்க. வேலை பாக்குற எங்களுக்கு நடுவுல இவரு எதுக்குன்னு அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கவே இல்ல. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி உங்களுக்கு இடம் வாங்கிக் குடுத்தேன்.”